தலைமாடு எந்தப் பக்கம்

உங்கள் கணினித் திரையில் ஒரு மனிதப் பொம்மை இருக்கிறது. உயரம் கொடுத்தால் வளரும், எடை கொடுத்தால் பருக்கும். இருக்கையில் வைத்தால் உட்காரும், படுக்கையில் வைத்தால் படுத்துக்கொள்ளும். வைத்தது வைத்தபடி கிடக்கும். முணுமுணுக்காது, குறட்டை விடாது, புரண்டு படுக்காது. நம் தொழிலில் அதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கமாட்டார். அதைப் பார்த்துப் பார்த்தே நமக்கு மனிதர்கள் மேல் ஒரு தப்பான நம்பிக்கை வந்துவிடுகிறது.

நான் ஓய்வு பெற்றவள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே வடிவமைப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. நான், ஒரு மேசை, ஒரு கணினி, அவ்வளவுதான் அந்தப் பிரிவு. வடிவமைப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அச்சுச் சுமை கணக்கும் தகட்டு கனமும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அறிவுரை சொல்லலாம் என்றால், அது இலவசமாகக் கிடைப்பதால் யாரும் வாங்குவதில்லை. ஆகவே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த வண்டியைக் கேட்டு வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அந்தோணி, ஸ்டெல்லா. செய்யூர்ப் பக்கத்துக்காரர்கள். முந்தின தலைமுறை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. அந்தோணி பல வருடம் லாரி ஓட்டியவர். ஸ்டெல்லா தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர். இருவரும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்கியிருந்தார்கள். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் செய்யும் கற்சிலைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பெரிய லாரி கோயில் தெருவுக்குள் நுழையாது. அதனால் சின்ன வண்டி. வழி தூரம், இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டவேண்டும். அதனால் உள்ளேயே ஒரு படுக்கை.

எங்கள் பட்டறை முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். செங்கல்பட்டுக் கடைத்தெருவில் பழைய இரும்பு வியாபாரம் பார்த்த குடும்பம். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது.

“சின்ன வண்டில படுக்கை கேக்கறீங்க. அப்பால சமையல்கட்டு கேப்பீங்க, பால்கனி கேப்பீங்க. எதுக்குமா இந்த பேஜாரு?” என்றார்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. “பாய், இவரு எங்க வேணா படுத்துக்குவாரு. வண்டி அடில படுப்பாரு, டாப்பு மேல படுப்பாரு, பங்க்ல துண்ட விரிச்சிப் படுப்பாரு. நா எங்க படுக்கறது? நீங்களே சொல்லுங்க.”

பாய் என்னைப் பார்த்தார். “மேடம், படுக்கை போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

சின்ன வண்டியின் கேபின் அகலம் குறைவு. வழக்கமாக ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் ஒரு பலகை போட்டுப் படுக்கை என்று சொல்லிவிடுவோம். குட்டையானவர்களுக்கு அது படுக்கை, மற்றவர்களுக்கு அது ஒரு தண்டனை. நான் பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கேபின் அளவுக்குக் கோடு போட்டு ஸ்டெல்லாவை அதற்குள் படுத்துக்காட்டச் சொன்னேன். ஆள் நல்ல உயரம். முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார்.

“சவுக்குக் கட்டையக் கொண்டாந்து பொட்டில அடைக்கறீங்களே மேடம்” என்றார் பாய்.

“ராவெல்லாம் கிளட்ச் மிதிச்ச காலு. நீட்டினாத்தான் மேடம் தூக்கமே வரும்” என்று தரையில் கிடந்தபடியே சொன்னார் ஸ்டெல்லா.

அதனால் படுக்கையை நீளவாக்கில் போட்டேன். இடப்பக்க இருக்கை மடங்கிக்கொள்ளும். அதன் மேலும் அதற்குப் பின்னாலும் ஒரே நீளமாக மெத்தை. வலப்பக்கம் ஓட்டுநருக்குப் பின்னால் மிஞ்சிய இடத்தில் சங்கிலி, கயிறு, பலகை வைக்க ஓர் அறை. படுக்கை முடியும் இடத்தில், கேபினையும் சுமைப் பகுதியையும் பிரிக்கும் இரும்புத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கல்.

இனி, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்? நம் வேலையில் யோசிக்கவேண்டிய கேள்வி இப்படித்தான் வரும், அற்பமாகத் தெரியும். வண்டி ஓடும்போது ஒருவர் படுத்திருப்பார். சட்டென்று பிரேக் அடித்தால் பின்னால் கட்டியிருக்கும் கல் முன்னால் வரப் பார்க்கும். தடுப்பு அதைத் தாங்கவேண்டும். விறைப்பாக நிற்கும் தகட்டைக் கல் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்; கொஞ்சம் உள்ளே வளைந்து கொடுக்கும் தகடுதான் கல்லின் வேகத்தைத் தின்னும். ஆகவே வளையும்படி செய்தேன். வளையும் இடத்தில் கால் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முன்பக்கம் தலைமாடு, அங்கே கனமான மெத்தைப் பலகை, மார்புக்கும் இடுப்புக்கும் பட்டை. பின்பக்கம் கால்மாடு. கால் உடைந்தால் கட்டுப் போடலாம். கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் இந்தத் தொழிலில் உடம்பில் எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்தே ஆகவேண்டும். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான்.

வண்டி தயாரானதும் நிறைய ஓட்டிப் பார்த்தோம். கருங்கல் பலகை, தூண், ஓட்டல் வாசலுக்கு வைக்கும் யானை என்று ஏற்றி அனுப்பினேன். மணல் பரப்பிய தரையில் காலி இடத்தில் வேண்டுமென்றே பிரேக் அடிக்கச் சொன்னேன். சங்கிலி பிடித்தது, தடுப்பு பிடித்தது. ஸ்டெல்லா வரைபடத்தில் இருந்தபடியே தலையை முன்னால் வைத்துப் படுத்தார், நன்றாகத் தூக்கம் வருகிறது என்றார். நான் திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன்.

முதல் சாமி சிலை ஏற்றுகிற நாள் வந்தது. பொள்ளாச்சிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அம்மன். அடிப்பீடத்தோடு ஒரே கல், ஆள் உயரத்துக்கு மேல். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஊரிலிருந்து தர்மகர்த்தா கூட வருவதற்காக ஒரு வேனில் வந்திருந்தார், மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் சகிதமாக. அந்தோணிக்கும் ஸ்டெல்லாவுக்கும் இது நல்லபடி போய்ச் சேர்ந்தால் அந்தச் சிற்பக்கூடத்தின் வேலை முழுவதும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மறுபடி ஆள் ஏற்றும் வேன்தான். கனமான சுமைக்குச் சங்கிலிக் கொக்கிகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க நானும் போயிருந்தேன். நெம்மேலி தாண்டிக் கடற்கரைச் சாலை ஓரத்துச் சிற்பக்கூடம்; உளிச் சத்தத்தில் பேசுவதற்குக் கத்தவேண்டும்.

நான் போனபோது சிலையை ஏற்றிவிட்டிருந்தார்கள். மணலும் வைக்கோலும் பரப்பி, அம்மனை மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தில் மஞ்சள் துணி போட்டிருந்தது. பீடம் முன்பக்கம், தடுப்பை ஒட்டி. கனமான பாகம் முன்னால் இருக்கவேண்டும், இடைவெளி விடாமல் ஒட்டி வைக்கவேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். எல்லாம் சரி. கொக்கிகளைப் பார்த்தேன், சரி. தடுப்பின் போல்ட்டுகளை உள்ளேயிருந்து பார்க்கலாம் என்று கேபினுக்குள் ஏறினேன்.

தலையணை பின்னால் இருந்தது. தடுப்பின் மேல் சாய்த்து வைத்திருந்தது. பூப்போட்ட உறை, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில்.

“ஸ்டெல்லா, தலைகாணி ஏன் பின்னால இருக்கு?”

வெளியே நின்றுகொண்டிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “சாமி கீதே மேடம். சாமி பக்கம் எப்படிக் காலு நீட்றது?”

எனக்கு முதலில் புரியவில்லை. “நீங்க மாதா கோயில் ஆச்சே?”

“மாதா கோயிலுதான். அதுக்கோசரம் அம்மனை எட்டி ஒதைக்கணுமா? வூட்ல பெரியவங்க படுத்துகினு இருந்தாக்கூட அந்தாண்ட காலு நீட்ட மாட்டோம்.” பிறகு சந்தோஷமாகவே சொன்னார்: “இப்ப பாருங்க, அம்மன் பாதம் அங்க, என் தலை இங்க. பாதத்துல தலை வெச்ச மாதிரி. எவ்ளோ நல்லா கீது.”

நல்லாத்தான் இருந்தது. அந்த இடம் கிடைக்காதா என்றுதான் கோயிலில் அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அந்தப் பாதத்துக்கும் அந்தத் தலைக்கும் நடுவில் இருந்தது என் தகடு. வளையவேண்டும் என்று நான் செய்த தகடு. அதற்கு அந்தப் பக்கம் அந்தச் சிலையிலேயே மிகக் கனமான பாகம், கூரான விளிம்போடு.

இவ்வளவு நாள் சோதித்தோமே, எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். நாங்கள் கல்லை ஏற்றிச் சோதித்தோம். சாமியை ஏற்றிச் சோதிக்கவில்லை. எடை ஒன்றுதான், என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். படுக்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல. யானைச் சிலை பக்கம் கால் நீட்டிய அதே ஸ்டெல்லா, அம்மன் பக்கம் நீட்டமாட்டார். இது எந்தக் கையேட்டிலும் இருக்காது. நம் ஊரில் பிறந்த யாருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். என் வீட்டில் பூஜை அலமாரி இருக்கும் சுவர்ப் பக்கம் நானே கால் நீட்டிப் படுக்கமாட்டேன். ஆனால் மேசைமுன் உட்கார்ந்ததும் வீட்டில் இருக்கிற நான் ஒருத்தி, படம் போடுகிற நான் இன்னொருத்தி ஆகிவிடுகிறோம்.

சிற்பியைக் கூப்பிட்டேன். அவர் உளியைக் கீழே வைக்காமலே கேட்டார். கேட்டுவிட்டு, “இதுல பிரச்சனையே இல்லைங்க. இன்னும் கண் தொறக்கல. கண் தொறக்கற வரைக்கும் கல்லுதான். நானே மேல ஏறி உக்காந்துதான் செதுக்கினேன். தாராளமா கால நீட்டலாம்” என்றார்.

சாஸ்திரப்படி அவர் சொன்னது சரி. எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

“உங்களுக்குக் கல்லு அண்ணாத்த, நீங்க செஞ்சவரு. எனக்கு ராவெல்லாம் கூட வர்றவங்க” என்றார் ஸ்டெல்லா.

சிற்பி உளியோடு தன் வேலைக்குத் திரும்பிப் போனார்.

பாய்க்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். “மேடம், நம்ம டிராயிங்ல தலை எங்க கீது?”

“முன்னால.”

“எழுதிக் குடுத்துட்டமா?”

“குடுத்துட்டோம்.”

“அப்ப வுடுங்க. அவங்க வண்டி, அவங்க படுக்கை. நாம போயி தலையத் திருப்பிப் படும்மான்னு ராவெல்லாம் பக்கத்துல நிக்க முடியுமா?”

பாய் மேல் கோபப்படாதீர்கள். உங்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்வீர்கள், அது ஒன்றும் பாவமில்லை. காகிதத்தில் நாம் சரி. நாளை ஏதாவது ஆனால், வரைபடத்தை எடுத்துக் காட்டி வெளியே வந்துவிடலாம். என்னைக் குடைந்தது ஒன்றுதான். வரைபடத்தில் தலை எங்கே இருந்தால் என்ன, தலை அங்கே இருந்தது.

சரி, சொல்லிப் பார்ப்போம் என்று இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டேன். தகடு எப்படி வளையும், பீடம் எங்கே வந்து இடிக்கும் என்று கையாலேயே காட்டினேன். அந்தோணியின் முகம் மாறியது. “சரி மேடம். தலைய முன்னால வெச்சிப் படுக்கட்டும். நா பாத்துக்கறேன்” என்றார்.

ஓட்டுநர்கள் “சரி மேடம்” என்று சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது மரியாதைக்குச் சொல்வது. நான் ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“இன்னா பாக்கறீங்க? சரின்னு சொல்லட்டுமா? சொல்றேன். சொல்லிட்டு, திண்டிவனம் தாண்டினதும் திரும்பிப் படுத்துக்குவேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“அப்ப இன்னிக்கு ஒரு நாள் படுக்காம போங்க.”

“படுக்காம போனா, நடுராவுல ஸ்டியரிங் யார் கைல இருக்கும்? என் கைல. தூங்காத கைல. அது மட்டும் உங்களுக்குப் பரவால்லியா?”

அந்தப் பெண்ணை எனக்கு அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போனது. வாடிக்கையாளர்களில் உண்மை பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் நம்மை எரிச்சல்படுத்துவார்கள், ஆனால் அவர்கள் சொல்வதை வைத்துத்தான் நாம் எதையாவது சரியாகச் செய்யமுடியும்.

அதற்குள் தர்மகர்த்தா வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தேங்காயோடு. “ஏனுங்க மேடம், இன்னும் என்னங்க பண்றீங்க? எமகண்டம் பொறக்கறதுக்குள்ள வண்டி நகரோணுமுங்க.”

யோசித்துப் பாருங்கள். ஸ்டெல்லாவைத் திருப்பிப் படுக்கவைக்க முடியாது. சிலையைத் தலைகீழாக, தலை முன்பக்கம் வரும்படி வைத்தால் பீடத்தின் கனம் முழுவதும் பின்சக்கரத்துக்கு வெளியே போய்விடும். போதாததற்கு, அம்மன் தலையும் ஸ்டெல்லா தலையும் முட்டிக்கொண்டு கிடக்கும். படுக்கையை எடுத்துவிட்டால் தூக்கமில்லாத ஓட்டுநர். வேறு வண்டி வைத்துக்கொள்ளச் சொன்னால் இவர்கள் பிழைப்பு போச்சு. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். இந்தப் பெண் இப்படித்தான் படுப்பாள். அதை மாற்றமுடியாது என்று வைத்துக்கொள். மற்றதை எல்லாம் மாற்று.

அப்படி வைத்துக்கொண்டதும் வேலை தெளிவாகிவிட்டது. கல்லை நிறுத்துவது தகடாக இருக்கக்கூடாது. வண்டியின் அடிச்சட்டமே கல்லை நிறுத்தவேண்டும். சிற்பக்கூடத்தில் கல் உருட்டுவதற்குத் தடித் தடியாக மரக்கட்டைகள் கிடந்தன. அவற்றைப் பீடத்துக்கு முன்னால் குறுக்கே போட்டு, சங்கிலியால் அடிச்சட்டத்தின் கொக்கிகளோடு பிணைத்தால் போதும். கல் கட்டையில் மோதும், கட்டை சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருக்கவேண்டும். ஆனால் பீடம் தகட்டை ஒட்டி இருந்தது. சிலையைப் பின்னால் தள்ளவேண்டும். அதற்கு முதலில் இறக்கவேண்டும்.

“இறக்கணுங்க” என்றேன்.

தர்மகர்த்தா தேங்காயைக் கீழே வைத்துவிட்டார். “ஏத்துன சாமிய எறக்கறதுங்களா? ஆகாதுங்க மேடம். கற்பூரம் காட்டி ஏத்தியாச்சு. இனி எங்கூரு மண்ணுலதான் எறங்கோணும். நடுவால எறக்குனா நான் ஊருக்குள்ள போக முடியாதுங்க.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையணை விஷயத்தில் ஸ்டெல்லாவின் வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்த நான், இன்னொரு வழக்கத்தை மட்டும் எப்படித் தள்ளுவது? அதே சமயம், இப்படியே அனுப்பவும் முடியாது. வண்டி அவர்களுடையது, சாவியைத் தொட எனக்கு எந்த உரிமையும் கிடையாது. ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கிய சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தோணி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தர்மகர்த்தா பாய்க்குப் போன் போட்டார். பாய் எனக்குப் போன் போட்டார். நான் எடுக்கவில்லை.

கோபத்தில் இருக்கும்போது மூளை வேலை செய்யாது என்பார்கள். எனக்கு நேர்மாறு; பயத்தில்தான் வேலை செய்யாது, கோபத்தில் நன்றாகவே ஓடும். சிலையை ஏற்றிய கிரேன் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் தர்மகர்த்தாவிடம் திரும்பிக் கேட்டேன்: “ஐயா, சாமி கீழ எறங்கக் கூடாது, அவ்வளவுதானே?”

“ஆமாங்க.”

“தரையில படக் கூடாது.”

“படவே கூடாதுங்க.”

“சாமி இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். வண்டி நகரலாமா?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிலையைப் பார்த்தார். பிறகு, “வண்டி நகர்றதுக்கு என்னங்க, நகரத்தானுங்க சொல்லிட்டிருக்கறேன்” என்றார்.

சாவியைக் கொடுத்தேன். கிரேன் அம்மனைக் கொஞ்சமாக, வைக்கோல் விட்டுப்போகிற அளவுக்கு மட்டும் தூக்கிப் பிடித்தது. அந்தோணி ஊர்ந்து ஊர்ந்து வண்டியை முன்னால் எடுத்தார். அம்மன் அசையவில்லை, வண்டிதான் அடியில் நகர்ந்தது. ஸ்டெல்லா பக்கவாட்டில் நின்று, “வா, வா, வா, இன்னும் வா, நிறுத்து” என்று கை காட்டினார். கிரேன் இறக்கியபோது சிலை அதே வண்டியில், அதே வைக்கோலில், முன்பைவிடப் பின்னால் இருந்தது. தர்மகர்த்தா மறுபடி கற்பூரம் ஏற்றினார், எதற்கும் இருக்கட்டும் என்று.

கட்டைகளைப் போட்டுப் பிணைத்தோம். சிலை பின்னால் போனதால் பின்சக்கரத்துக்குப் பாரம் கூடிவிட்டது. வண்டியின் வால்பக்கம் ஏற்றுவதாக இருந்த பலிபீடக் கல்லை ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அது தனி டெம்போவில் வரட்டும் என்றேன். அதற்கும் முகங்கள் சுருங்கின. எமகண்டம் பிறந்துவிட்டது, ஆகவே அது முடியும்வரை எல்லோரும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. யாரும் என்னோடு பேசவில்லை. அந்த மௌனத்தில் நான் சாப்பிட்ட தயிர்சாதம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நன்றாகவே இருந்தது.

புறப்படும்போது ஸ்டெல்லா படுக்கையில் ஏறி, தலையைப் பின்னால் வைத்துப் படுத்துக் காட்டினார். “இப்ப ஓகேவா மேடம்?”

“முன்பக்கப் பட்டையெல்லாம் இப்ப காலுக்குத்தான் வரும். எடுத்து இடுப்புல போட்டுக்கோங்க” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது.

அன்று முழுவதும் எனக்குப் பயமாக இருந்தது. நான் ஓர் அவசர ஏற்பாடு செய்திருந்தேன், அதைச் சோதிக்கவில்லை. கட்டையின் வலிமை என்ன என்று எனக்குத் தெரியாது. கையால் தட்டிப் பார்த்து, கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். நம் தொழிலில் இப்படிச் செய்யக்கூடாது. செய்யாமல் விட்டிருந்தால் அதைவிட மோசம். இரண்டும் உண்மை. அந்த மாதிரி நாட்களுக்குச் சமாதானம் எதுவும் கிடையாது, வீட்டுக்குப் போய்க் காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கும்பாபிஷேகம் முடிந்து அவர்கள் நேராகப் பட்டறைக்கு வந்தார்கள். ஸ்டெல்லா நெற்றியில் குங்குமத்தோடு இறங்கி, பாய்க்குப் பொங்கல் பிரசாதம் கொடுத்தார். பாய் இரண்டு கையாலும் வாங்கி, ஒரு வாய் சாப்பிட்டு, “நெய் சூப்பர்மா” என்றார். சிற்பக்கூடத்தின் அடுத்த சிலையும் இவர்களுக்கே என்று உறுதியாகிவிட்டதாம். தர்மகர்த்தா எனக்கு வணக்கம் சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டெல்லா உள்ளே கை கழுவப் போனதும் அந்தோணி என்னை வண்டியின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

பீடம் மோதிய கட்டைகளில் ஒன்று பிளந்திருந்தது. ஒரு முனையிலிருந்து பாதி தூரத்துக்கு. பீடத்தின் விளிம்பு கடித்த தடம் மரத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. இரண்டாவது கட்டையில் அதே தடம் லேசாக. என் தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

“எங்க?” என்றேன்.

“தாராபுரம் தாண்டி மேடம். விடிஞ்சும் விடியாம. ரோட்டு மேல ஒரே ஆடு. நூறு எரநூறு இருக்கும், ஒரு ஆட்டுக்காரன் கூட முன்னால இல்ல. நா பிரேக் மேலயே நின்னுட்டேன். பின்னால டமார்னுச்சு பாருங்க, அம்மனே எழுந்து நின்னுட்டாங்கன்னு நெனச்சேன்.” அவர் பிளந்த மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார். “எனக்குத் திரும்பிப் பாக்க தைரியம் வர்ல மேடம். நெசமா சொல்றேன். ஆடுங்க பாட்டுக்குப் போய்கினே கீது, நா ஸ்டியரிங்கப் புடிச்சிகினு அப்டியே உக்காந்துகினு கீறேன்.”

“ஸ்டெல்லாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க.” பிறகு அவரே சொன்னார்: “பின்னாலேந்து சத்தம் வந்திச்சி மேடம். தூக்கக் கலக்கத்துல. ‘ஊரு வந்திடிச்சா?’ன்னு கேட்டா. அப்பால, ‘இல்ல, இன்னும் தூரம் கீது, தூங்கு’ன்னேன். தூங்கிட்டா.”